அணையா விளக்குக்கு சுவிட்ச் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளியைக் கடவுளின் பிரசன்னமாகக் காணும் கிறிஸ்தவ மரபு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் எண்ணெய் விளக்கானால் என்ன, மின்விளக்கானால் என்ன, ஒளி ஒளிதானே என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் ஒரு கோயில்பிள்ளையின், அதாவது விளக்கும் மணியும் பார்த்துக்கொள்ளும் கோயில் ஊழியரின், மகள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கத்தோலிக்கக் கோயிலுக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நற்கருணைப் பேழைக்கு, அதாவது கிறிஸ்துவின் உடலாக நாங்கள் நம்பும் அப்பத்தை வைக்கும் பெட்டிக்கு, பக்கத்தில் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு சுடர் நிற்கும். உள்ளே ஆண்டவர் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். எங்கள் ஊரில் அது பீடத்துக்கு முன்னால் மூன்று பித்தளைச் சங்கிலிகளில் தொங்கியது. காலைப் பூசைக்கு மணி அடிக்குமுன் அப்பா கயிற்றை இளக்கி அதை இறக்குவார். கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர், அதன்மேல் தேங்காய் எண்ணெய், மிதக்கும் தக்கையில் திரி. பழைய வேட்டிக் கிழிசலைத் தொடையில் வைத்து உருட்டிய திரி அது. பழைய திரியிலிருந்து புதியதைப் பற்றவைத்த பிறகுதான் பழையதை எடுப்பார். இடையில் ஒரு நொடிகூட விளக்கு இல்லாமல் இருக்கக் கூடாது. எண்ணெய் தீர்ந்து திரி தண்ணீரைத் தொட்டால் சடசடவென்று சத்தம் வரும். ஆளில்லாத கோயிலில் அது நன்றாகக் கேட்கும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்.

அந்த விளக்கை அவரே அமர்த்துகிற நாள் ஒன்று உண்டு. பெரிய வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு முன் பேழையைக் காலிசெய்து, கதவைத் திறந்தே விட்டுவிடுவார்கள். விளக்கும் அமரும். ஏன் என்று சிறுமியாக இருந்தபோது கேட்டேன். "ஏளா, உள்ள ஆள் இல்லன்னா வாசல்ல எதுக்கு வெளக்கு?" என்றார். பெரிய வெள்ளியன்று திறந்து கிடக்கும் அந்த வெறும் பேழையையும் கரிந்த திரியையும் பார்த்தால், எந்தப் பிரசங்கமும் இல்லாமலே வயிற்றைப் பிசையும்.

இப்போது நான் பூசைக்குப் போகும் கோயிலில் சிவப்பு எல்.இ.டி. பல்பு. இந்த ஆண்டு பெரிய வெள்ளி மாலை, பேழை காலி, கதவு திறந்திருக்கிறது, பல்பு ஜம்மென்று எரிகிறது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு கேட்டால், அது இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதாம், தனி சுவிட்ச் எது என்று தெரியவில்லையாம். அதற்கு முன் மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ராத்திரி முழுக்க மின்சாரம் இல்லை, பேட்டரியும் இறங்கிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே நற்கருணை இருக்கிறது, விளக்கு இல்லை. ஆள் இருக்கும்போது இல்லை என்கிறது, இல்லாதபோது இருக்கிறார் என்கிறது. இதை அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

கட்டுரையாளர் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துக்காட்டியிருந்தார். அதன் 4ஆம் வசனத்தை இன்னொரு தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் வாழ்வு இருந்தது, அந்த வாழ்வுதான் மனிதருக்கு ஒளியாக இருந்தது என்கிறது. உயிர் முதலில், ஒளி பிறகு. (சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக் கோயிலில் இதை 'ஜீவன்' என்று வாசிப்பார்கள். இந்த இடத்தில் எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.) ஞானஸ்நானத்தில், ஈஸ்டர் இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியிலிருந்து பற்றவைத்த மெழுகுதிரியைப் பிள்ளைக்காகக் கொடுக்கிறோம். அடக்கப் பூசையில் அதே பாஸ்கா திரி பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. தின்று, மூச்சு விட்டு, காற்றடித்தால் நடுங்கி, கவனிக்காவிட்டால் சாகிற சுடர்தான் உயிரைப் பற்றி ஏதாவது சொல்லும். பல்பு வெளிச்சம் தரும், அவ்வளவுதான்.

இது என் பிடிவாதம் மட்டுமல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 940ஆம் எண், பேழைமுன் விளக்கு இடைவிடாமல் எரிய வேண்டும் என்கிறது. பூசைக்கான திருப்பலி நூலின் முன்னுரை விதிகளில் 316ஆம் எண், அது எண்ணெயிலோ மெழுகிலோ எரிய வேண்டும் என்கிறது. நம் நாட்டுக்கு 1969இல் ரோமாபுரி கொடுத்த அனுமதிகளில் மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம் என்பதும் ஒன்று. உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கைக் கோயில் விழாக்களில் அவ்வளவு ஆசையாக ஏற்றுகிறோம். பேழைமுன் மட்டும் பல்பு.

பாஸ்கா திரிக்கும் இதே கதி வந்துவிட்டது. பிளாஸ்டிக் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றி, அதன்மேல் உள்ள ஆண்டை மட்டும் ஸ்டிக்கராக மாற்றுகிறார்கள். அது மெழுகில் செய்யப்பட்டு ஆண்டுதோறும் புதிதாக இருக்க வேண்டும் என்று 1988லேயே ரோமிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஈஸ்டர் இரவில் பாடும் பாஸ்கா புகழுரையில் தேனீக்களின் உழைப்பைக்கூடப் புகழ்கிறோம். பிளாஸ்டிக்கை எந்தத் தேனீ கட்டியது? ஒரு காலத்தில் இந்த வழிபாட்டையே சனிக்கிழமை காலை வெயிலில் நடத்தினார்கள், பட்டப்பகலில் இருளை விரட்டும் ஒளியைப் பாடினார்கள். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) காலத்தில்தான் அது மறுபடி இரவுக்குத் திரும்பியது. வசதிக்காக அடையாளத்தைக் கெடுப்பது நமக்குப் புதிதில்லை.

எதிர்த்தரப்பின் கஷ்டமும் தெரியும். தேங்காய் எண்ணெய் விற்கிற விலை தெரியும். புகை படிந்த கூரைக்கு வெள்ளையடிக்கும் செலவு தெரியும். கோயில்பிள்ளைக்குக் கொடுக்கும் சம்பளத்தில் அவர் நாளுக்கு இரண்டு தடவை வந்து திரி தூண்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எங்கள் பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, தினமும் எண்ணெய் யார் ஊற்றுவது?" என்றார். காலைப் பூசைக்கு எப்படியும் வருகிறேன், நானே ஊற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பழைய விளக்கு, பூசைப் பொருள்கள் வைக்கும் அறையான சக்ரீஸ்துவில், அலமாரியின்மேல்தான் கிடக்கிறது. கண்ணாடி உடையவில்லை. சங்கிலிகளில் ஒன்று அறுந்திருக்கிறது, பாத்திரக்கடைத் தெருவில் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.