அப்பாவின் 3.8

காட்பாடி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். மாசி முடியவில்லை, அதற்குள் வேலூர் வெயில் தலைக்கு ஏறுகிறது. உனக்கு அங்கே ஸ்டாக்ஹோமில் பனியே விட்டிருக்காது.

அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் இருக்குமா என்று பார்க்க எடுத்த ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பி.எஸ்.ஏ. 3.8 தானே, 4 வரைக்கும் நார்மல் என்று அதிலேயே போட்டிருக்கிறதே, எதற்கு எம்.ஆர்.ஐ., பயாப்சி என்று அவரை அலைய வைக்கிறீர்கள்?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த 4 அப்பாவுக்குப் பொருந்தாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு மாத்திரை போடுகிறாரே, சிறுநீர் தடையில்லாமல் போவதற்கு, அதில் டாம்சுலோசினோடு டூட்டாஸ்டிரைடும் சேர்ந்திருக்கிறது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பிதான் புரோஸ்டேட், அது வீங்கினால் டூட்டாஸ்டிரைடு சுருக்கும். கூடவே ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவையும் ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ஆகவே 3.8-ஐ இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். 7.6. யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று மெஷினுக்குத் தெரியாது, கண்ணு. இத்தனை வருடம் லேபில் ரத்தம் எடுத்தவள் நான், ரேஞ்சுக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டரும் மாத்திரை அட்டையைப் பார்த்தவுடன் முதலில் செய்தது இந்தப் பெருக்கலைத்தான்.

போன வருடம் இதே சோதனையில் 2.1 வந்தது. இந்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எண் இறங்கி ஓரிடத்தில் நிற்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டே இருக்கும்போது ஏறினால், அந்த ஏற்றமே கவனிக்க வேண்டிய சங்கதி. சிறுநீரில் தொற்று இருந்தாலும் ஏறும் என்பதால் யூரின் கல்ச்சர் செய்தார்கள், தொற்று இல்லை. சில வாரம் விட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இறங்கவில்லை.

அப்புறம் ஃப்ரீ பி.எஸ்.ஏ. பார்த்தார்கள். பி.எஸ்.ஏ. என்பது எல்லா ஆண்களுக்கும் அந்தச் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். விந்தை நீர்த்துப் போகச் செய்வது அதன் வேலை. ரத்தத்தில் அதில் பெரும்பகுதி வேறு புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மிச்சம் தனியாகத் திரியும். புற்றுநோய் இருந்தால் தனியாகத் திரிகிற பங்கு குறைகிறது. 25 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆறுதல், 10-ஐ ஒட்டி வந்தால் சந்தேகம் கூடும். அப்பாவுக்கு 11. மாத்திரை இந்த விகிதத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை. அதனால்தான் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ பயந்துவிடாதே. புற்றுநோய் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான், எந்த மாதிரி என்பதுதான் மீதி. மெதுவாக ஊர்கிற வகை இருந்தும் அது தெரியாமலே வயதாகி வேறு காரணத்தால் போய்ச் சேருகிற ஆண்கள் ஏராளம். பயாப்சியில் எடுத்த சதையைப் பார்த்து, நோய் எவ்வளவு வேகமானது என்று காட்டுகிற கிளீசன் எண் போடுவார்கள். 6 வந்தால் பெரும்பாலும் கத்தியே வைக்காமல், அவ்வப்போது ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக் கண்காணிப்பார்கள். இங்கிலாந்தில் சுரப்பியைத் தாண்டாத நோய் உள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்துத் தொடர்ந்து பார்த்தார்கள். 15 வருடம் கழித்து மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். கண்காணிப்பில் இருந்தவர்களில் மற்றப் பிரிவுகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பேருக்கு நோய் பரவியது, அதையும் மறைக்க வேண்டாம். 8, 9 என்று வந்தால் கதை வேறு, அது வேகமாக ஓடுகிற வகை. அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று நானே நிற்பேன்.

அந்த வேகமான வகையை ரத்தத்திலேயே மோப்பம் பிடிக்கத்தான் புதிய சோதனைகள் வந்திருக்கின்றன. பி.எச்.ஐ. என்று ஒன்று, 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 4கே ஸ்கோர் என்று இன்னொன்று. நீ இருக்கும் ஊரிலேயே, கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உருவானது ஸ்டாக்ஹோம்3. பி.எஸ்.ஏ.வோடு வேறு சில புரதங்கள், மரபணுக் குறிகள், வயது, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. 2015-இல் வந்த அவர்களுடைய ஆய்வில், பி.எஸ்.ஏ. மட்டும் பார்த்தால் பிடிபடுகிற அதே அளவு ஆபத்தான நோயைப் பிடித்துக்கொண்டே பயாப்சிகளை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்க முடியும் என்று தெரிந்தது. நல்ல விஷயம். ஆனால் எதுவும் தீர்ப்பு சொல்வதில்லை, யாருக்கு ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்று சலித்துத்தான் கொடுக்கிறது. அரிதாக, மிக மோசமான சில வகைகள் பி.எஸ்.ஏ.வே அதிகம் சுரக்காது. ஆகவே எண் குறைவு என்பதும் சான்றிதழ் இல்லை.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம். டாக்டர் குடும்ப வரலாறு கேட்டபோது அப்பா தன் வீட்டுப் பக்கத்தை மட்டும் சொன்னார். நான் குறுக்கிட்டு என் வீட்டைச் சொன்னேன், அது அப்பாவுக்காக இல்லை, உனக்காக. என் அப்பாவை, உன் ஆரணித் தாத்தாவை, உனக்கு நினைவிருக்காது. கடைசி வருடத்தில் இடுப்பெலும்பு வலியில் துடித்தார், சிறுநீர் போகாமல் தவித்தார். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது என்று ஊரே சொன்னது. யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. புரோஸ்டேட் புற்றுநோய் எலும்பில், அதுவும் முதுகிலும் இடுப்பிலும் போய்த்தான் அதிகம் உட்காரும் என்று பிற்பாடு படித்தபோது என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. உன் பெரியம்மா நாற்பதுகளிலேயே மார்புப் புற்றுநோயில் போனாள். இந்த இரண்டையும் இத்தனை நாள் தனித்தனித் துக்கமாகத்தான் வைத்திருந்தோம்.

பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் பெண்களுக்கு மார்பிலும் கருப்பையின் பக்கத்து முட்டைப்பையிலும், ஆண்களுக்குப் புரோஸ்டேட்டிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஆண்களுக்கு வந்தால் அது அந்த வேகமான வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம், சின்ன வயதிலேயே வரலாம். தாய் வழியாகவும் இறங்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அந்தக் கோளாறு உள்ள ஆண்களை 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பார்த்து வரச் சொல்கிறார்கள். உனக்கு 41 ஆகிறது.

தாத்தாவும் பெரியம்மாவும் இல்லை, அவர்கள் ரத்தம் கிடைக்காது. அடுத்து நான்தான். சி.எம்.சி.யில் மரபியல் பிரிவில் பெயர் பதிந்திருக்கிறேன், அப்பாவின் எம்.ஆர்.ஐ. முடிந்ததும் என் ரத்தம் கொடுக்கிறேன். எனக்கு அந்தக் கோளாறு இல்லையென்றால் என் வழியாக உனக்கோ உன் கூடப் பிறந்த பாப்பாவுக்கோ வர முடியாது. இருந்தால் நீங்கள் இருவரும் பார்க்க வேண்டும், பாப்பா உன்னைவிட முன்னால் பார்க்க வேண்டும். அவளிடம் நானே நேரில் சொல்கிறேன், நீ போனில் உளறாதே.

என் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் நீ ஒரு பி.எஸ்.ஏ. எடுத்துவிடு. காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருந்தால் தள்ளிப் போடு. இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிள் வேண்டாம், உன் மனைவியிடமும் சொல்லிவிடு, அந்த இரண்டு நாள் தாம்பத்தியமும் வேண்டாம், அதுவும் எண்ணை ஏற்றும். அம்மா எழுதுகிறாளே என்று கூச்சப்படாதே. முடி கொட்டாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாய் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல். அதில் ஃபினாஸ்டிரைடு இருந்தால் அதுவும் பாதியாக்கும்.

அப்பா தைரியமாக இருக்கிறார். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வந்திருக்கிறது, இன்றைக்குக் குழம்பு வைக்கச் சொன்னார். எம்.ஆர்.ஐ. புதன்கிழமை காலை. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன். முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்க்காமல் முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா