புஷ்பாவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

ஞாயிறு இரவு

அன்பின் புஷ்பா,

சுகமா? சித்திரைக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ எடுத்த இரண்டு கோலையும் "பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். கோபமாகத்தான் இருப்பாய். ஆனால் உன் கோபம் ஒரு பிளேன்டீ ஆறும்வரைக்கும்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா! இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முழங்கால் வலி, சின்னவன் ஓ.எல். எழுதி முடித்துவிட்டான்.

விஷயம் பெரியவளைப் பற்றியது. பேராதனையில் புவிச்சரிதவியல் முடித்தாள் அல்லவா, இப்போது மேற்படிப்புக்கு இந்தோனேசியா போகிறாள். யோக்யகர்த்தாவுக்கு. அந்த ஊருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் மெராபி எரிமலை நிற்கிறது. அதைத்தான் ஆராயப் போகிறாள்.

மூன்று மாதம் நான் சம்மதிக்கவில்லை. வீட்டில் பேச்சு வார்த்தையே இல்லை. உன்னோடு பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் போனை வைத்தேன். "நம் நாட்டில் எரிமலையே இல்லையே, இவளுக்கு ஏன் இந்தப் படிப்பு?" என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்டார். 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது கடல் அலை நம் கிழக்குக் கரை பாணமைவரை வந்ததாம், சில நாட்களில் இலங்கையில் சூரியனே பச்சையாகத் தெரிந்ததாம். இவள் அதைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். என்னை அப்படி அனுப்ப முடியுமா? நான் இரவிரவாக வாசித்தேன். 1991 ஜூன் 3ஆம் திகதி ஜப்பானில் உன்சென் மலையில் 43 பேர் செத்தார்கள், அதில் மூன்று பேர் எரிமலை ஆராய்ச்சியாளர்கள். 1993இல் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை வாய்க்குள் அளவெடுக்க இறங்கிய விஞ்ஞானிகளில் ஆறு பேர் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் வாசித்த தாய்க்கு எப்படியடி நித்திரை வரும்?

ஒருநாள் பின்னேரம் அவள் சில்வர் தட்டத்தில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தாள். பஸ் டிக்கட்டை நான்காக மடித்து ஒரு பக்க விளிம்புக்கு அடியில் செருகினாள். தண்ணீர் மெல்ல மற்றப் பக்கம் நகர்ந்து, செருகிய பக்கத்தில் தட்டத்தின் அடி நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. "பாறைக்குழம்பு மேலே வரும்போது மலை இப்படித்தான் உப்பும் அம்மா, சாய்வுமானி அதைப் பிடித்துவிடும்" என்றாள். ஒரு கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வைக்கூட அந்தக் கருவி காட்டுமாம். அதோடு மலைக்குள் எழும் சின்னச் சின்ன அதிர்வுகளை எண்ணுகிறார்கள், புகையில் வரும் கந்தக வாயுவை அளக்கிறார்கள். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவில் அந்த வாயு இரண்டே வாரத்தில் நாளொன்றுக்கு 500 தொன்னிலிருந்து 5,000 தொன்னாக ஏறியது, பிறகு சட்டென்று குறைந்துவிட்டது. நானாக இருந்தால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்திருப்பேன். அவர்கள், வாயு வரும் வழி அடைபட்டுவிட்டது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று கணித்தார்கள். சனங்களை அப்புறப்படுத்தினார்கள். ஜூன் 15ஆம் திகதி மலை வெடித்தது. ஆயிரக்கணக்கான உயிர் தப்பியது.

சரி, கருவி இவ்வளவு சொல்லுமென்றால் ஏன் இன்னும் சாகிறார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் ஆர்மேரோவைப் பற்றிச் சொன்னாள். 1985 நவம்பர் 13 இரவு, கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்து உச்சிப் பனி உருகியது. சேறு எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி அந்த ஊருக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. எந்த இடத்துக்குச் சேறு வரும் என்ற வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே கையில் இருந்தது. ஆனால் யாரும் ஊரை எழுப்பவில்லை. இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

நான் பேசாமல் இருந்தேன். எனக்குக் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தை மண்சரிவுதான் கண்ணில் வந்தது, புஷ்பா. 2014 ஒக்டோபர் 29 காலையில் நீ போனில் எப்படிக் குழறினாய்! அந்த மலை சரியும் என்று வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லி என்ன? லயத்தை விட்டால் அந்தச் சனம் எங்கே போகும்? பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடு இல்லை.

மெராபியிலும் அதே கதைதான். 2010இல் இலட்சக்கணக்கானவர்களை இறக்கிவிட்டார்கள். அப்படியும் மாட்டுக்குப் புல் போட என்று சிலர் பகலில் திரும்பி ஏறினார்களாம். மாட்டை விட்டுவிட்டு வா என்றால் நம் அம்மா வந்திருப்பாளா? வெடிப்பு முடிந்த பிறகும் சரிவில் கிடக்கும் சாம்பல் மழைக்குச் சேறாக ஆறுகளில் இறங்குகிறது. அதற்கு லஹார் என்று பெயர், ஜாவா மொழிச் சொல்லாம். அந்த ஆறுகளில் மணல் அள்ளிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சேறு புறப்படும்போதே நிலம் அதிர்வதைக் கேட்டு அவர்களுக்குச் சொல்லும் கருவியில்தான் இவள் வேலை செய்யப் போகிறாள். "அந்த மண்ணைத் தெரிந்துகொண்டு நம் மலைக்கு வருவேன் அம்மா" என்றாள். அதற்கு மேல் நான் எப்படி வேண்டாம் என்று சொல்வது? பயம் போகவில்லை. ஆனாலும் சம்மதித்துவிட்டேன்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. போவதற்கு முன் கொஸ்லந்தைப் பக்கத்து ஆட்களிடம் பேச வேண்டும் என்கிறாள். மலை சரிவதற்கு முன் ஊற்றுத் தண்ணீர் கலங்கியதா, சுவரில் வெடிப்பு விட்டதா, கதவு இறுகியதா என்றெல்லாம் கேட்க வேண்டுமாம். உன் பெரிய மச்சாள் அங்கேதானே இருக்கிறார்? மனம் நோகாமல் நீயே கூட இருந்து கேட்க வை. வெள்ளி இரவு பஸ்ஸில் அனுப்புகிறேன், விடியற்காலையில் பண்டாரவளையில் இறங்குவாள். குளிருக்கு ஸ்வெட்டர் எடுக்கமாட்டாள், உன்னுடையதைக் கொடு. அந்தப் பூனைக்குட்டிக் கதையை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

உன்
வசந்தி