சின்னவனுக்கு அண்ணன்களாகப் போகிறவர்களுக்கு

சுங்கை பீசி அரச இராணுவக் கல்லூரியில் இந்த ஆண்டு மூத்த மாணவர்களாக இருக்கப் போகும் தம்பிகளுக்கு,

வணக்கம். நான் பேராக், சுங்கை சிப்புட்டில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். என் தங்கையின் இரண்டாவது மகனுக்கு உங்கள் கல்லூரியில் படிவம் நான்கில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் ஒரு பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நிற்பான். அவனுக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன் என்ற முறையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டியவன் நான். அதனால்தான் இந்த மடல்.

தமிழில் எழுதினால் அங்கே யார் படிப்பார்கள் என்று என் மகள் கேட்டாள். நாலைந்து பேராவது இருப்பீர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இல்லாமலா போவார்கள்? படிக்கிறவர், இரவு விளக்கை அணைப்பதற்கு முன் பக்கத்துக் கட்டில் நண்பனுக்கு மலாயில் சொல்லுங்கள். நானே மலாயில் எழுதினால் கடிதம் வரும், மனசு வராது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரியின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. உங்களில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஒன்று கேட்டுக்கொள்ள வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இடம் கிடைத்த செய்தி கைப்பேசியில் வந்த அன்று தங்கச்சி தோட்டத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை அவளுக்கு. காலில் சேறு பிடித்த பூட்ஸ், ஒரு கையில் கையுறைகூடக் கழற்றவில்லை. நாற்காலியில் ஒருவர் பாதி முடியோடு உட்கார்ந்திருக்க, கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்த வாடிக்கையாளரே போர்வையோடு எழுந்து அவளுக்கு வாழ்த்துச் சொன்னார். அன்றைக்கு யாரிடமும் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் அவள் அழுதாள். ஏன் அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை. பெரியவன் ஞாபகம் வந்திருக்கும்.

பெரியவனும் உறைவிடப் பள்ளிக்குப் போனவன்தான். அது இராணுவப் பள்ளி இல்லை, வேறு ஊர், வேறு பள்ளி. பெயர் இங்கே வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை விடுமுறைக்கு வந்தான். வந்த உடனே முடிவெட்டக் கடைக்கு வருவது அவன் வழக்கம். அன்று வாசல்படியில் ஏறவே நேரம் எடுத்தான். அப்புறம் நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி உட்கார்ந்தான். என் கடைக்கு வரும் எண்பது வயதுப் பெரியவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். இவனுக்கு 16 வயது. என்னடா என்றேன். "ஒன்னும் இல்ல மாமா, பந்து விளையாடினேன், கால் வலி" என்றான்.

முடி வெட்டி முடித்ததும் கடையின் பின்னால் இருக்கும் கழிவறைக்குப் போனான். திரும்பி வந்து, கதவைப் பிடித்தபடி, குரலைத் தாழ்த்தி, "மாமா, ஒன்னுக்குப் போனா தே ஓ கலர்ல வருது" என்றான். கட்டன் தேநீர் நிறம். இரண்டு நாளாக அப்படித்தானாம். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

கடையை அப்படியே அடைத்துவிட்டு ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்கே வார்டில் சேர்த்து, கையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றத் தொடங்கினார்கள். ஐந்து நாள் ஏறியது. டாக்டர் சின்னப் பெண், பொறுமையாக விளக்கினார். பழக்கமில்லாத உடம்பைத் தாங்க முடியாத அளவுக்கு வருத்தினால் தசை இழைகள் உடைந்துபோகுமாம். உள்ளே இருக்கும் புரதம் இரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் திணறும், சில பேருக்கு நின்றே போகும். இந்த நோய்க்கு ரேப்டோமயோலிசிஸ் என்று பெயர். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் செய்தால் இன்னும் மோசம். சிறுநீர் கறுத்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடக்கூடாது என்றார்.

அவன் பந்து விளையாடவில்லை. சீனியர் ஒருவருக்கு வணக்கம் சொல்லாமல் போய்விட்டானாம். 300 தோப்புக்கரணம். மலாயில் கெத்துக் கெதாம்பி என்பார்கள். பிள்ளையாருக்கு முன்னால் நாம் போடுவது மூன்று. பிழை செய்த பிள்ளைக்கு வாத்தியார் கொடுத்தால் பத்து, மிஞ்சினால் இருபது. நடுவில் விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி, ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வைத்திருக்கிறார்கள்.

அவன் பிழைத்துக்கொண்டான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அந்தப் பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை. பள்ளியில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, கைகுலுக்கச் சொல்லி, காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதைப் பற்றி இங்கே நீட்டி எழுத விருப்பமில்லை. அந்த அறையில் கேட்ட ஒரு பேச்சு மட்டும் என்னை விடவில்லை. அந்த சீனியர் பையன், பார்த்தால் பால் வடியும் முகம், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "போன வருஷம் எங்களுக்கு 500, அங்கிள்."

அவனை அறைய வேண்டும் என்ற கோபத்தில்தான் நான் அந்த அறைக்குள் போனேன். அதைக் கேட்டதும் கை தானாக இறங்கிவிட்டது. அவனுக்கு யார் உப்புநீர் ஏற்றினார்கள்?

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் தோட்டத்தில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். உங்கள் அணிவகுப்புக்குச் சொல்லும் அதே பரேட்தான் எங்கள் நாக்கில் பெரட்டு ஆனது. என் தாத்தா அந்த வரிசையில் வாழ்நாள் முழுக்க நின்றவர். ரப்பர் மரத்துப் பால் வெட்டுக்குப் பிந்தி வந்தால் பெரட்டிலேயே நாலு பேர் முன்னால் ஏச்சும் அடியும் உண்டு. அடிப்பது கங்காணி, வேலையாட்களை மேற்பார்க்கிறவர். அவர் எங்கிருந்து வந்தவர்? அதே லயத்திலிருந்து, அதாவது வேலையாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளிலிருந்து, அதே கப்பலில், அதே சனத்தோடு வந்தவர். ஒரு காலத்தில் அவரும் அந்த வரிசையில் நின்று அடி வாங்கியவர். தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "தொர ஏசினது மறந்து போச்சுய்யா. நம்ம லயத்து ஆளு அடிச்சது மறக்கல."

அந்த சீனியர் பையன் 500 என்று சொன்னபோது எனக்குத் தாத்தாவின் குரல்தான் கேட்டது. பெரியவன் அவனை என்றைக்கு மறப்பான்?

தம்பிகளே, உங்கள் கல்லூரிக்கும் எங்கள் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்தில் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். என் அப்பாவுக்கு அப்போது பத்து வயது. லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது, அரிசியை அளந்து கொடுத்தது, இருட்டினால் யாரும் வெளியே தலை காட்டாதது, எல்லாவற்றையும் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த அவசரகாலத்தை நடத்த 1952-ல் வந்த பிரிட்டிஷ் ஜெனரல் டெம்ப்ளர்தான் அதே ஆண்டில் போர்ட் டிக்சனில் பையன்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து சுங்கை பீசிக்கு வந்து உங்கள் கல்லூரி ஆனது. இராணுவ அதிகாரிகள் மட்டுமல்ல, அரசாங்க உயர்பதவிக்கும் தொழில் வணிகத்துக்கும் தலைமை தாங்கப் போகிறவர்களை உருவாக்கத்தான் அந்த இடம் என்று அப்போதே எழுதி வைத்தார்கள். இந்த நாட்டுக்கு நம்பிக்கையான ஆட்கள் வேண்டும் என்ற தவிப்பில் பிறந்த பள்ளி அது.

உங்கள் கல்லூரியின் மந்திரச்சொல் 'பெர்கித்மாத் மெமிம்பின்'. சேவை செய்து தலைமை தாங்கு. அதில் சேவை முதலில் வருகிறது. யார் யாருக்குச் செய்கிற சேவை? நான் படித்த அளவில், தலைவன்தான் தனக்குக் கீழே இருப்பவனுக்குச் செய்ய வேண்டும். சின்னவன் உங்கள் உள்ளாடையைத் துவைப்பதும், உங்கள் காலணிக்குப் பாலிஷ் போடுவதும், வீட்டிலிருந்து வந்த முறுக்கை உங்களிடம் பறிகொடுப்பதும் அந்தச் சொல்லுக்குப் பொருளாகாது.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்புங்கள், ஓட விடுங்கள். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கலைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள், அதற்குத்தான் அவனை அனுப்புகிறோம். பயிற்சி அதிகாரி பகலில், திடலில், எல்லோர் கண் முன்னாலும் கொடுக்கும் தண்டனை ஒன்று. இரவு பன்னிரண்டு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒருவனைக் காவலுக்கு நிறுத்திவிட்டுக் கொடுப்பது வேறொன்று. காவலுக்கு ஆள் நிறுத்தும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, இது எந்த வகை என்று?

நீங்கள் இருக்கும் அதே சுங்கை பீசியில், தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில், 2017-ல் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 21 வயதுக் கடற்படைப் பயிற்சி மாணவர். மடிக்கணினியைத் திருடினான் என்று சந்தேகப்பட்டு, உடன் படித்தவர்களே நீராவி இஸ்திரிப்பெட்டியால் உடம்பெல்லாம் சுட்டார்கள். ஜூன் 1 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனது. சீருடைக்கு மடிப்பு எடுக்க ஒவ்வொரு அறையிலும் இருக்கிற சாதாரண இஸ்திரிப்பெட்டி. செய்தவர்களும் நல்ல மதிப்பெண் வாங்கி, பெற்றோரைப் பெருமைப்படுத்தி அங்கே போனவர்கள்தான். நீதிமன்றத்தில் நின்றவர்கள் பத்துக்கும் மேல். இரண்டு பக்கத்துத் தாய்மார்களும் வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். அந்தச் செய்தி தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் கடையில் பேச்சு நின்றுவிடும். கத்திரிச் சத்தம்கூட இருக்காது.

2025 ஜூலையிலிருந்து பகடிவதைக்கென்றே குற்றவியல் சட்டத்தில் புதிய பிரிவுகள் நடப்பில் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் நடந்த பிறகுதான் சட்டம் அந்த அறைக்குள் வரும். அறைக்குள் ஏற்கெனவே இருப்பது நீங்கள்.

சரி, நான் கேட்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்தது எதுவாக இருந்தாலும், அது 50 ஆனாலும் 500 ஆனாலும், உங்களோடு நின்றுபோகட்டும். உங்கள் வரிசை வரும்போது கணக்கைத் தீர்க்காமல் விட்டுவிடுங்கள். உங்களுக்குச் செய்தவன் வெளியேறிப் போய்விட்டான். வரப்போகிறவன் உங்களுக்கு எதுவும் செய்யவில்லை. கூட இருக்கும் நண்பன் ஒருவன் ஆரம்பித்தால், "போதும், விடு" என்று ஒருவர் சொன்னால் போதும். பெரியவன் சொல்லியிருக்கிறான், அன்று இரவு அந்த அறையில் ஒன்பது பேர் சும்மா நின்றார்களாம். இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்ததாம். அவர்கள் வாயைத் திறப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே 200-ஐத் தாண்டினேன் என்றான்.

யாராவது ஒரு பையன் கால் வலிக்கிறது, சிறுநீர் கறுப்பாக வருகிறது என்றால், மாட்டிக்கொள்வோமே என்று பார்க்காதீர்கள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாட்டிக்கொண்டால் ஒரு தண்டனையோடு போகும், சிறுநீரகம் போனால் திரும்பி வராது.

அப்புறம் சின்னவனைப் பற்றி. மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவன். மலாய் நன்றாகப் பேசுவான், கோபம் வந்தால் மட்டும் தமிழில் முணுமுணுப்பான். அது உங்களைத் திட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் தன்னையே திட்டிக்கொள்வான். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டான். கேலி செய்தால் பதில் பேச மாட்டான், உள்ளே வைத்துக்கொள்வான், அதுதான் எனக்குப் பயம். முதல் வாரம் ராத்திரி தூக்கம் வராது. லயத்து வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்துப் பழகியவன். புரண்டு புரண்டு படுத்தால், பேசாமல் பக்கத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். உங்களை என்ன சொல்லிக் கூப்பிடச் சொன்னாலும் கூப்பிடுவான். ஆனால் இப்போதே வீட்டில் "அங்க உள்ள அண்ணனுங்க" என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறான். மாலையில் தோட்டத்து ரோட்டில் ஓடிப் பழகுகிறான், உங்களுக்கு முன்னால் மூச்சு வாங்கக்கூடாது என்று.

புறப்படுகிற நாள் காலையில், கடை திறப்பதற்கு முன், நானே அவனுக்கு முடி வெட்டி அனுப்பப் போகிறேன். அங்கே போனதும் மறுபடி வெட்டுவார்கள் என்று தெரியும், இருந்தாலும் என் கையால் ஒரு தடவை. பிறந்த முடி எடுத்ததிலிருந்து அவன் தலையை நான்தான் பார்க்கிறேன். இடது காதுக்குப் பின்னால் அரை அங்குலத்துக்கு ஒரு தழும்பு இருக்கும். ஆறு வயதில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது. இன்றைய தேதிக்கு அவன் உடம்பில் இருப்பது அந்த ஒரு தழும்புதான். டிசம்பர் விடுமுறைக்கு வந்து என் நாற்காலியில் உட்காருவான். நான் பார்ப்பேன்.

அன்புடன்,
அவனுடைய தாய்மாமன்
சுங்கை சிப்புட், பேராக்