தேனுவுக்கு, பெரம்பூரிலிருந்து

அன்புள்ள தேனு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இந்த மழைக்குத் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. தம்பிக்கு அந்த இடமே அமையும் போலிருக்கிறது. அத்தையிடம் இப்போதைக்கு வாய் திறக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ போன் எடுத்து மூன்று ஞாயிறு ஆகிறது. வேலை என்றால் ஒரு வரி அனுப்பு, போதும்.

நான் வாரத்தில் இரண்டு நாள் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போகிறேன். நீ ப்ளஸ் ஒன்னில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாயே, டோல்கீன் எழுதிய மோதிரக் கதை, அதைத்தான் படிக்கிறேன். பக்கத்தில் அகராதி. இரண்டாம் பாகம் முடியப்போகிறது. அந்தத் தோட்டக்காரப் பையன் சாம், உயிரோடு ஊர் திரும்புவோமா என்றே தெரியாத பயணத்தில் மூட்டைக்குள் ஒரு சின்ன டப்பாவில் உப்பு வைத்திருக்கிறான். முயல் கிடைத்ததும் சமைக்கிறான். அன்று அதற்குமேல் படிக்க ஓடவில்லை. நீ அங்கே என்ன சமைக்கிறாயோ என்றுதான் இருந்தது.

அந்தப் புத்தகத்தை அந்தக் காலத்தில் எப்படி வரவேற்றார்கள் என்றும் தேடிப் பார்த்தேன். 12 வருஷம் போல உட்கார்ந்து எழுதியது. 1954, 55இல் மூன்று பாகமாக வந்திருக்கிறது. ஆடன் என்ற கவிஞர் கொண்டாடினார். எட்மண்ட் வில்சன், அமெரிக்காவில் பெரிய விமர்சகர், 1956இல் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்று எழுதினார். 1961இல் நண்பர் லூயிஸ் நோபலுக்குப் பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. டோல்கீன் அசரவில்லை. என் புத்தகத்தைப் பழித்தவர்களின் எழுத்தைப் பற்றி எனக்கும் அதே அபிப்பிராயம்தான் என்று பின்னால் வந்த பதிப்பின் முன்னுரையில் எழுதிவிட்டார். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், சும்மாதான். ராத்திரி கண்விழிக்காதே. பட்டினி கிடக்காதே.

உன் புத்தகம் பத்துப் பிரதி வாங்கினேன். பேங்கில், மருந்துக் கடையில், மேல்வீட்டில் எல்லாம் என் மகள் எழுதியது என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஆனால் அது வந்த செய்தியை நாங்கள் ஊரார் சொல்லியா தெரிந்துகொள்ள வேண்டும்? அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்புறம் ஒன்று படித்தேன். 1944இல் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் விமானப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் இருந்திருக்கிறான். அப்பா எழுத எழுத, அத்தியாயங்களைத் தபாலில் அவனுக்கு அனுப்பியிருக்கிறார். பிறகு அந்தக் கதைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்ததும் அந்த மகன்தான். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

நீல அட்டை போட்ட உன் நான்கு நோட்டும் வீடு மாறும்போது தொலைந்துபோனது என்று சொன்னேன். தொலையவில்லை தேனு. ப்ளஸ் டூ அரையாண்டுக் கணக்கு மார்க் வந்த மறுநாள், நீ டியூஷன் போயிருந்தபோது, பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். தராசில் வைக்கும்போது மேல் நோட்டு திறந்துகொண்டது. நீ போட்ட வரைபடம். நம் ஓட்டேரிக் கால்வாயைப் பெரிய ஆறாக வரைந்து, பச்சை மையில் கரை கட்டி, அதன்மேல் ஒரு பாலம். பாலத்தில் குடையோடு ஓர் ஆள். அது நான்தான் என்று அப்போதே தெரிந்தது. பார்த்தும் நான் எடுத்து வைக்கவில்லை. அம்மாவுக்குக்கூட இது தெரியாது. நீ பரண் முழுக்க அந்த நோட்டைத் தேடினாய், நானும் கூடவே நின்று தேடினேன்.

வில்சன் குப்பை என்று எழுதத்தான் செய்தார். நான் தூக்கியே போட்டுவிட்டேன். இப்போது எவரோ உன்னைப் பற்றி எழுதியதற்குக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அடுத்தது எழுதுகிறாயா என்று கேட்க மாட்டேன். எழுதினால், திருத்தாததாக இருந்தாலும், நாலு பக்கமாவது எனக்குத் தபாலில் அனுப்பு. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். திட்டுவதாக இருந்தாலும் போனை எடு.

அப்பா