வடிகட்டிய பின் மிஞ்சுவதற்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாநகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் திட்டங்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வெளியாகின்றன. எத்தனை கோடி லிட்டர் நல்ல நீர் கிடைக்கும் என்பது அச்செய்திகளின் தலைப்பிலேயே இடம்பெற்றுவிடுகிறது. அந்த நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அழுக்கு எவ்வளவு, அது எந்த வடிவில் எங்கே போய்ச் சேருகிறது என்பதோ கடைசி வரியில்கூட வருவதில்லை. வடசென்னையில் வசிப்பவன், தொழிற்சாலைக் கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற இரண்டு உரிமைகளிலும், விடுபட்டுப்போகும் அந்தப் பாதியைப் பற்றி எழுதுகிறேன்.

நுண்துளைச் சவ்வின் வழியே நீரைச் செலுத்தி அழுக்கைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டிகளுக்கு நான் எதிரி அல்லன். மணலியின் பெரிய ஆலைகள் 1990களிலேயே மாநகரக் கழிவுநீரை ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) முறையில் சுத்திகரித்துத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நின்ற 2019ஆம் ஆண்டில், கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீர் தரக்கூடிய மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் (வழக்கமான சுத்திகரிப்பைத் தாண்டிவந்த நீரைச் சவ்வால் மேலும் சுத்தமாக்குவது) செயல்பாட்டுக்கு வந்தது. அங்கிருந்து ஆலைகளுக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் நம் வீட்டுக் குழாய்க்கு மிச்சமாகும் ஒரு லிட்டர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றைய ஆர்.ஓ. தொழில்நுட்பத்துக்கு அடித்தளமிட்ட செல்லுலோஸ் அசிடேட் சவ்வை, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர் சீனிவாச சௌரிராஜன் என்ற இந்தியர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும்பகுதி வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். காற்றூட்டப்பட்ட தொட்டியில் அவை மட்கும் பொருள்களைத் தின்று தீர்க்கின்றன. 1914இல் மான்செஸ்டரில் உருவான இந்த முறை இன்றும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால், கரைந்த உப்பு, சாயம், பல மருந்துப் பொருள்கள், கரைந்த நிலையிலுள்ள உலோகங்களில் ஒரு பகுதி ஆகியவை அந்தத் தொட்டியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அவற்றைத் தடுக்கத்தான் சவ்வுகளும், நச்சுகளைத் தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும் கரி போன்ற பொருள்களும் வருகின்றன. மீநுண் வடிகட்டல் சவ்வின் துளை ஏறத்தாழ 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் அளவிலுள்ள பாக்டீரியா அதில் நுழைய முடியாது. நானோ வடிகட்டி சாயத்தையும் கால்சியம், மக்னீசியம், சல்பேட் ஆகியவற்றையும் பெருமளவு நிறுத்திச் சாதாரண உப்பை ஓரளவு கடக்கவிடும். ஆர்.ஓ. சவ்வோ அந்த உப்பையும் பெரும்பாலும் நிறுத்திவிடும்.

நிறுத்திவிடும் என்றேன், அழித்துவிடும் என்று சொல்லவில்லை. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். நல்ல நீர் ஒரு குழாயில் வரும்போதே, மெல்லிய இன்னொரு குழாய் ரிஜெக்ட் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பெரிய நிலையத்திலும் அப்படித்தான். உள்ளே செலுத்தும் நீரில் நான்கில் மூன்று பங்கு நல்ல நீராகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் பெறுவதற்கு 6 கோடி லிட்டர் உள்ளே போக வேண்டும், 1.5 கோடி லிட்டர் ரிஜெக்டாக வெளியேறும். வந்த உப்பும் உலோகமும் ஏறத்தாழ முழுவதும் அந்தக் கால் பங்கு நீருக்குள் ஒடுங்கிவிடுவதால், அவற்றின் செறிவு நான்கு மடங்காகும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புடன் உள்ளே போன நீர் 4,000 மில்லிகிராமுடன் வெளியே வரும். உப்பு உள்ளிட்ட கரைந்த திடப்பொருள்களுக்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 2,100 மில்லிகிராம்.

இந்த வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் விதிகள் பெரும்பாலும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற மொழியில் பேசுகின்றன. எண்ணெய்க்கும் கிரீசுக்கும் வரம்பு 10 மில்லிகிராம். பத்து லட்சம் லிட்டர் நீரை அந்த வரம்புக்குள் வெளியேற்றும் ஆலை, விதி எதையும் மீறாமலேயே நாளொன்றுக்கு 10 கிலோ எண்ணெயைக் கால்வாயில் விடலாம். ரிஜெக்ட் தண்ணீருடன் வேறு நீரைக் கலந்து விட்டாலும் அளவீட்டுத் தாளில் எண் இறங்கிவிடும். கால்வாயில் சேரும் நச்சின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. கழிமுகத்துச் சேற்றில் வாழும் நண்டும் மட்டியும் உலோகத்தை உடலில் சேர்த்துக்கொண்டே போகின்றன. அவற்றுக்கு லிட்டர் கணக்கு தெரியாது. எனவே, நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற வரம்பும் இருந்தாக வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

கரியைப் போல நச்சைத் தம் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும் பரப்புக் கவர் பொருள்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத ஆசிரியர் இடம் தர வேண்டும். அங்கேதான் மிகைப்பேச்சு அதிகம். கொட்டாங்குச்சியைக் காற்றில்லாமல் கரியாக்கி, பிறகு அதிக வெப்பத்தில் நீராவி செலுத்தினால், அதில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. அப்படிக் கிளர்வூட்டப்பட்ட கரியில் ஒரே ஒரு கிராம் எடுத்து அதன் உட்பரப்பு முழுவதையும் விரித்தால் 1,000 சதுர மீட்டர் அளவுக்கு வரும். நீரில் உள்ள சாயமும் பென்சீன் போன்ற கரிமப் பொருள்களும் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இதைவிடப் பல மடங்கு பரப்பு கொண்ட, வேண்டிய மூலக்கூறுக்கு ஏற்றபடி துளைகளை அமைத்துக்கொள்ளக்கூடிய உலோக-கரிமக் கட்டமைப்புகளை உருவாக்கிய சுசுமு கிதகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கு 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரிலேயே சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு அடிப்படையிலான நானோ பொருளைக் கொண்டு குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கும் முறையை ஆய்வுக்கூடத்திலிருந்து கிராமங்கள் வரை கொண்டுபோயிருக்கிறது.

இவை பெருமைக்குரியவை. ஆயினும், வாழைப்பழத் தோல், உமி, வேப்பிலை, சீமைக் கருவேல மரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கரியாக்கி, “99 விழுக்காடு ஈயம் நீங்கியது” என்று முடியும் கல்லூரி ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குள் ஒரு சிறு சிரிப்பு எழும். காய்ச்சி வடித்த நீரில் ஈய உப்பு ஒன்றை மட்டும் கரைத்துவிட்டு எடுத்த அளவு அது. ஆலைக் கழிவுநீரில் ஈயத்துடன் கால்சியம், சோடியம், எண்ணெய், சோப்பு எல்லாம் கலந்திருக்கும்; ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு அவை அனைத்தும் போட்டியிடும். ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் தாங்கும் என்று கணித்த கரிப்படுகை (தொட்டியில் நிரப்பிய கரி அடுக்கு) ஆலையில் சில நாள்களில் நிறைந்துவிடலாம். நிறைந்த படுகை நச்சைப் பிடிப்பதை நிறுத்துவதோடு நிற்காது. நீரின் தன்மை மாறினால் பிடித்து வைத்திருந்ததையும் திரும்ப நீரில் விடத் தொடங்கும். வெளியில் பார்த்தால் அதே தொட்டி, அதே மோட்டார்ச் சத்தம். உள்ளே கரி செத்துப்போயிருப்பது வெளிவரும் நீரை விடாமல் சோதிப்பவருக்கு மட்டுமே தெரியும். கரியை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவேட்டை ஆய்வாளர்கள் முதலில் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். படுகை இருப்பதற்கான ரசீது எல்லா ஆலைகளிலும் இருக்கும்.

மாற்றிய கரி எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. கரிமப் பொருள்களை மட்டும் பிடித்த கரியை 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நீராவியுடன் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். உலோகத்தைப் பிடித்த கரியை அப்படிச் சூடாக்கினாலும் உலோகம் போகாது. அது அபாயகரக் கழிவுதான். அதற்கென்று கும்மிடிப்பூண்டியில் வளாகம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த எடையும் ஆலைகள் வாங்கிய புதிய கரியின் எடையும் பொருந்துகின்றனவா என்று ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெரிய அறிவியல் ஒன்றும் தேவையில்லை.

எங்கள் பகுதிக்கு இதெல்லாம் தொலைவில் நடக்கும் விவகாரம் அன்று. 2009இல் மத்திய மாசு கட்டுப்பாடு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 புள்ளிகள் பெற்றது. 70ஐத் தாண்டினாலே மிக மோசமான நிலை என்று பொருள். 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து பெட்ரோலியப் பொருள் கசிந்து குடியிருப்புகளின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் முழுவதும் படர்ந்தபோது, மீனவர்கள் அதை வாளியால் அள்ளினார்கள். படகும் வலையும் பாழாயின. நிலத்தடி நீரில் கரைந்த பென்சீனுக்குக் கரிப்படுகை ஏற்ற மருந்து. மிதக்கும் எண்ணெயை ஆர்.ஓ. சவ்விடம் கொண்டுபோனாலோ சவ்வே அடைத்து வீணாகிவிடும்; அதை வெகு முன்பே பிரித்துவிட வேண்டும். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று பாராமல் “அதிநவீனத் தொழில்நுட்பம்” என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அறிவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆலைக் கழிவுநீர் வீட்டுக் கழிவுநீருடன் கலந்த பிறகு சுத்திகரிப்பது மிகக் கடினம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆலை வாயிலுக்குள் இருக்கும்போது உலோகம் சிறிய அளவு நீரில் செறிந்து இருக்கிறது; அந்தக் குறிப்பிட்ட உலோகத்துக்கு ஏற்ற பொருளைக் கொண்டு பிடித்தால் மீட்டெடுக்கவும் முடியும். பொதுச் சாக்கடையில் விட்டுவிட்டால் அதே உலோகம் கோடிக்கணக்கான லிட்டரில் கரைந்து, பாதி கசடிலும் பாதி நீரிலுமாகப் பிரிந்துவிடும். இரவில் லாரிகளிலிருந்து மழைநீர் வடிகாலில் கழிவைத் திறந்துவிடும் வழக்கத்தைக் காவல்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து நிறுத்தாதவரை, கொடுங்கையூரில் எத்தனை விலையுயர்ந்த சவ்வைப் பொருத்தினாலும் அதன் ஆயுள் குறைந்துகொண்டேதான் போகும்.

மிஞ்சுவதை என்ன செய்வது என்பதற்குத் திருப்பூரிடம் பாடம் இருக்கிறது. நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை அங்கே கண்டிப்புடன் அமலாயிற்று. ஆர்.ஓ. ரிஜெக்டை ஆவியாக்கி உப்பாக்கினார்கள். அதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாயின. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்தது. அதே ஊரில்தான், நானோ வடிகட்டியால் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, மீதியுள்ள உப்பு நீரைச் சாயமேற்றுவதற்கே திரும்பப் பயன்படுத்தும் வழியும் நடைமுறைக்கு வந்தது. மிஞ்சியதற்கு ஒரு பயனைக் கண்டுபிடித்த இடங்களில் திட்டம் செலவைத் தாங்கி நிற்கிறது. மற்ற இடங்களில் கிடங்கு நிரம்புகிறது.

காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுடன் 2010இல் தொடங்கப்பட்ட ஆலையின் உவர்மிச்சமும் (உப்பு செறிந்த மிச்ச நீரும்) இதே கடலோரத்தில்தான் சேர்கிறது. அனல்மின் நிலையங்களின் சூடான நீரும் சாம்பலும் வேறு. நகரத்தின் தேவைக்கான மிச்சங்கள் எல்லாம் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தைச் சுற்றியே வந்து சேரும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருப்பதாகச் சான்று தருவது எண்ணூரின் காட்டுக்குப்பத்து மீனவருக்கு எந்த வகையிலும் உதவாது.

ஆகவே, சென்னைக் குடிநீர் வாரியமும் மாசு கட்டுப்பாடு வாரியமும் வடசென்னையில் உள்ள ஒவ்வொரு சவ்வு நிலையத்தின் ரிஜெக்ட் நீரின் அளவையும், அதிலுள்ள உப்பு, எண்ணெய், உலோகங்கள் ஆகியவற்றின் எடையை நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கிலும், அது விடப்படும் இடத்தையும் மாதந்தோறும் தமிழில், நிலைய வாயிலிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆலைகளின் இசைவாணையை (இயங்குவதற்கு வாரியம் தரும் அனுமதியை) புதுப்பிக்கும்போது கரி மாற்றிய பதிவேட்டையும், பயன்படுத்திய கரியும் பழைய சவ்வும் ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீதுகளையும் நிபந்தனையாகக் கேட்க வேண்டும். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்புக்கு இனி விடப்படும் ஒப்பந்தங்களில், தரும் நல்ல நீருக்கு மட்டும் லிட்டர் கணக்கில் பணம் கொடுக்காமல், ரிஜெக்டைக் கையாளும் செலவையும் ஒப்பந்தத் தொகைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் நீரின் விலை கூடும் என்பது உண்மை, கூடட்டும். அந்தச் செலவை இத்தனை காலமும் ஏற்றுக்கொண்டிருப்பவர்கள் எண்ணூரில் இறால் பிடிப்பவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக வேதியியலர்,
திருவொற்றியூர், சென்னை.