மின்கம்பத்தில் பூட்டிய மூட்டை

அன்புள்ள சேகர்,

நீ போட்ட இரண்டு கடிதமும் கிடைத்தது. பதில் போடாமல் இருந்தது என் தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கலா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பந்தி விசாரிக்க உன்னைத்தான் போட்டிருக்கிறார்கள், இந்தத் தடவை நழுவ முடியாது.

இப்போது எழுதுவது வேறு ஒரு விஷயத்துக்காக. போன மாதம் சென்னை பாரிமுனையில் பிளாட்பாரத்தில் குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதும் வேலைக்குப் போயிருந்தேன். காப்பகம் எப்படி இருக்க வேண்டும், வீடில்லாதவர்களுக்கென்று சட்டம் வேண்டுமா என்றெல்லாம் கேள்வி. நாம் டுடோரியல் முடிந்து டீ குடிப்போமே, அதே தெரு.

அங்கே ஒரு அக்கா. பிறந்ததே அந்த பிளாட்பாரத்தில்தானாம். பாத்திரம், துணி, பையனின் புத்தகம் எல்லாவற்றையும் நீலத் தார்ப்பாயில் சுருட்டி, சைக்கிள் சங்கிலியால் மின்கம்பத்தோடு பூட்டி வைத்திருக்கிறார். சாவி தாலிக்கயிற்றில் தொங்குகிறது. ராத்திரி கடை ஷட்டர் இறங்கினால்தான் பாய் விரிக்கலாம். காலையில் ஷட்டர் ஏறுவதற்குள் சோறு வடித்து, தரையைக் கழுவிவிட வேண்டும்.

"காப்பகத்துக்குப் போகலாமே அக்கா?" என்றேன்.

"ஆம்பளைங்களுக்கு ஒரு இடம், பொம்பளைங்களுக்கு ஒரு இடம்ங்கிறாங்க. பதினாலு வயசுப் பையனை நான் எங்க விடறது?"

நகரத்தை விட்டுத் தள்ளி, பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தால்? பக்கத்திலிருந்த அவர் வீட்டுக்காரர் பதில் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு இறக்க அங்கேருந்து எதுல சார் வர்றது?"

என் கையிலிருந்த படிவத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.

அன்றிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது சேகர். பிச்சை எடுத்தால் பிடிப்பதற்கு 1945-லேயே சட்டம் போட்டுவிட்டோம். தங்க இடம் கேட்பதற்குத்தான் சட்டம் இல்லை. பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் சேர்த்தி என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோட்டீஸ் கொடுத்து பிளாட்பாரத்திலிருந்து அகற்றலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். 2010-ல் அதே நீதிமன்றம், நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் தலையை எண்ணிப் படுக்கை போட்டால் குடும்பம் எங்கே போகும்? புதுச் சட்டம் வருமானால் இரண்டு வரி அதில் இருந்தே ஆக வேண்டும்: குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் இடம் தர வேண்டும்.

அந்தத் தெருக் கடைக்காரர் ஒருவர், "எல்லாரையும் அள்ளிட்டுப் போங்க சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்தம்மா இருக்கறதாலதான் ராத்திரி என் பூட்டை ஒருத்தனும் தொடறதில்ல" என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் மனு எழுதித் தந்தவன் நீ. அறிக்கை வரைவை அனுப்புகிறேன். ஓரத்தில் எழுதியதை எந்தத் தலைப்பில் சேர்த்தால் மேலே இருப்பவர்கள் வெட்டாமல் விடுவார்கள் என்று பார்த்துச் சொல். 20-ம் தேதிக்குள் வேண்டும்.

அன்புடன்,
ராஜு