ஆற்றில் செந்தண்ணீர் வந்திருக்கிறது

சேரன்மகாதேவி,
ஆவணி, ஞாயிறு காலை

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. இவ்வளவு எதற்கு அனுப்புகிறாய்? அப்பாவின் பென்ஷன் எங்கள் இரண்டு பேருக்கும் தாராளம். அவருக்குக் கண்புரை எடுத்தாயிற்று. மொட்டை மாடியில் நின்றால் பொதிகையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது என்று சின்னப் பிள்ளைக்கு நிகராகக் குதிக்கிறார். பெரியத்தை பேத்திக்குக் காது குத்து வைத்திருக்கிறார்கள். உன்னைக் கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாளுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

காலை ஆறு மணிக்குக் காபியோடு ஃபோனைப் பார்க்கிறேன். உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அப்போது இரண்டரை மணி. ஒரு நாள் என்றால் பரவாயில்லை. சரி, கேட்கவில்லை. தூங்குவதற்கு முன் பாலில் துளி ஜாதிக்காய் உரைத்துக் குடி. ஃபோனை வேறு அறையில் வை.

தாமிரபரணி ஆற்றில் செந்தண்ணீர் வந்திருக்கிறது. ஊரில் பொட்டு மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது, வயலில் கார் நெல் பழுத்து நிற்கிறது. மேற்கே மலையில்தான் மழை பிடித்திருக்கிறது. உன் ஆச்சியை உனக்கு நினைவிருக்கும். படித்துறையில் இறங்கியதும் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்ப்பாள். "கடனாநதிப் பக்கம் நல்ல மழை, சாயங்காலம் தண்ணி ஏறும், துணி மூட்டையை மேப்படிக்கு எடு" என்பாள். மலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மழை பெய்ததை அவள் கண்ணால் காண வேண்டியதில்லை. நிறம் போதும்.

போன ஞாயிறு நீ பேசும்போது "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்றாய்.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "உங்களுக்குக் கவிதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். உன் வயதில் பாதிதான் இருக்கும், அதே துடுக்கு. வீட்டில் பஞ்சாங்கமும் பாடப் புத்தகமும் தவிர வேறு அச்சுத்தாள் கிடையாது என்று சொன்னேன். ஆறுதான் இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்து நேரம் போனதே தெரியவில்லை. உன்னிடம் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னதில்லை. நீயும் அதே ஆற்றில் வளர்ந்தவள்தானே என்று விட்டுவிட்டேன்.

மார்கழி விடியலில் எங்களை ஆற்றுக்குக் கூட்டிப் போவார்கள். காற்றில் பல் கிட்டிப்போகும். தண்ணீரில் கால் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே புகை எழும். கரையில் நிற்கிறவரைக்கும்தான் குளிர், இறங்கிவிட்டால் இல்லை. இது எனக்கு ஐந்து வயதில் தெரிந்துவிட்டது. பிறகு எத்தனை வருஷம் கழித்து அது ஒரு கவிதையில் வந்தது பார், அப்பாவும் நானும் பேசாமல் இருந்த அந்தக் காலத்தில்.

அக்கரையில் சலவைக்காரர் துணியை ஓங்கிக் கல்லில் அடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரியும். சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்து சேரும். அதற்குள் அவர் கை மறுபடி மேலே போயிருக்கும். ஆறு அவ்வளவு அகலம். அந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். என் வரிகளில் எங்கே நிறுத்துவது என்பதை நான் எந்த யாப்பு நூலிலும் படிக்கவில்லை, அங்கே படித்தேன். மருத மரத்து வேர்களுக்குள் தண்ணீர் புகுந்து வெளியே வரும்போது ஒரு குரல் உண்டு. வெள்ளம் வடியும் நாளில் அது வேறு குரல். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளை ஆற்றங்கரையில் சும்மா விட்டார்கள், அவ்வளவுதான். இப்போது அந்தப் படித்துறையில் பிள்ளைகளே இல்லை. பிளாஸ்டிக் உறையும் பரிகாரம் என்று விட்டுப் போகிற பழந்துணியும்தான் கிடக்கின்றன. பாபநாசத்தில் அந்தத் துணிகளைக் குவியல் குவியலாக வாரி எடுக்கிறார்கள். பாவத்தைத் தொலைக்க வந்தவர்கள் ஆற்றின் தலையிலா அதை வைத்துவிட்டுப் போவது? பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நீ சின்ன வயதில் நீர்க்காகத்தைப் பார்த்துச் சொன்னது உனக்கு மறந்திருக்கலாம். அது பாறையில் நின்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மற்ற நீர்ப்பறவைகளை விட அதன் இறகு அதிகமாக நனையும், காயவைக்காமல் தீராது என்று அப்பா பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நீ அவர் சொன்னதைக் காதிலேயே வாங்காமல், "அதுக்குக் கொடிக்கயிறு இல்லை, அதுவே கொடியா நிக்குது" என்றாய். வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். இவ்வளவு வருஷம் எழுதிய எனக்கு அப்படி ஒரு வரி வாய்க்கவில்லை, பாப்பா. அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. யார் வந்தாலும் காட்டுகிறேன்.

அப்படிப்பட்டவள் இப்போது எழுதுவதில்லை என்கிறாய். நேரமில்லை என்கிறாய். ராத்திரி இரண்டரை மணி இருக்கிறதே உனக்கு.

கோபித்துக்கொள்ளாதே. எழுதச் சொல்லி வற்புறுத்தவில்லை. பத்தமடையில் ஆச்சி வீட்டுக்குப் பக்கத்தில் பாய் நெய்கிற வீடுகள் உண்டே, ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, காயவைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறிப் பருத்த பிறகு மறுபடி காயவைத்து எடுப்பதுதான் பட்டுப்பாய்க்கு ஆகும். கவிதையும் அந்தக் கோரைதான். ஊறுகிற நாளில் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். உனக்கு இப்போது ஊறுகிற நாளாக இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் கிடக்கிறாயோ என்றுதான் பயம்.

பாய் என்றதும் நினைவு வருகிறது. உங்கள் இரண்டு பேர் பெயரையும் வைத்து நெய்த கல்யாணப் பாயைப் போன வாரம் எடுத்து வெயில் காட்டினேன். பூச்சி ஒன்றும் இல்லை. எழுத்து அப்படியே இருக்கிறது. மறுபடி சுருட்டிப் பரணில் வைத்துவிட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். விரிக்க வேண்டும் என்றால் விரிக்கலாம், வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு பாயை நினைத்து யாரும் ராத்திரி முழித்திருக்க வேண்டாம். அப்பாவும் இதையேதான் சொன்னார். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொல்லத் தோன்றாவிட்டால் சொல்ல வேண்டாம்.

சுவிட்சர்லாந்தில் பாசலுக்குப் போன முதல் வருஷம் நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் ரைன் ஆற்றைப் பற்றித்தான். எஞ்சின் இல்லாத படகு என்றாய். ஆற்றுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பியில் கோத்திருக்கிறார்கள், சுக்கானைத் திருப்பினால் ஓடுகிற தண்ணீரே தள்ளிக் கொண்டுபோய் அக்கரையில் விடுகிறது என்று படம் வரைந்து அனுப்பினாய். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஜனங்கள் துணிமணியை மீன் வடிவப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு ஆற்றோடு மிதந்து போகிறார்கள், நானும் போனேன், தாமிரபரணியில் நீந்தினவளுக்கு இதெல்லாம் ஒரு இழுப்பா என்று எழுதினாய். படிக்கப் படிக்கப் பெருமையாக இருந்தது. ஊரெல்லாம் சொன்னேன். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு 3200 வயது என்று 2021ல் செய்தி வந்த அன்று ஒரு மணி நேரம் பேசினாய், நம் ஆற்று நெல், நம் ஆற்று நெல் என்று. ஆச்சி கஞ்சி வடித்ததிலிருந்து அந்தத் தாழி வரைக்கும் ஒரே கோடாகப் போனாய். அந்த மூச்சு விடாத பேச்சு எனக்கு வேண்டும்.

இந்தக் கோடையில் நீ அந்தப் பையை எடுத்ததாகவே தெரியவில்லை. ஒரு படமும் வரவில்லை. உங்கள் ஊரில் வெயில் முடிவதற்குள் ஒரு சாயங்காலம் இறங்கு. தனியாக இறங்காதே, லேபில் கூட வேலை பார்க்கிற அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொள். நீந்தப் பிடிக்காவிட்டால் அந்தப் படகில் ஏறி அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வா. எதையும் யோசிக்காதே. எழுதவும் வேண்டாம். தண்ணீர் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு. அப்புறம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

2023 டிசம்பர் 17, 18 மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு எது, ஊர் எது என்று தெரியவில்லை. இங்கே கரண்டும் இல்லை, டவரும் இல்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாடியில் அரிசியும் அடுப்பும் வைத்துக்கொண்டு பத்திரமாக இருந்தோம். ஆனால் நீ அங்கே சோறு தண்ணீர் இல்லாமல் தவித்தாய். லைன் கிடைத்ததும் முதலில் அழுதாய், பிறகு திட்டினாய். "நல்லாருக்கேன்னு ஒரு வார்த்தை வந்தா போதாதா, நான் என்னன்னு நினைக்கிறது" என்றாய். அன்று நீ கேட்டது நியாயம்தான். அதே நியாயத்தை நானும் கேட்கலாம் இல்லையா?

திருப்புடைமருதூருக்கு உன்னைக் கூட்டிப் போன நாளும் ஞாபகம் வருகிறது. மருத மரத்து உச்சி முழுக்கப் பறவைக் கூடு, கீழே எச்சம், ஒரே நாற்றம். நீ மூக்கைப் பொத்திக்கொண்டாய். அந்த ஊர்க்காரர்கள் அந்த நாற்றத்தோடுதான் அவற்றைப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்கிறார்கள். 2005ல் அரசாங்கம் அதைப் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தது. ஊரார் சேர்ந்து பார்த்துக்கொள்கிற அந்த வகைக் காப்பகத்தில் நாட்டிலேயே முதலாவது அது. கோயிலுக்குள் நாறும்பூநாதர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காட்டி, ஏன் என்று கேட்டாய். ஆற்றில் வெள்ளம், கருவூர்ச் சித்தரால் கடக்க முடியவில்லை, அக்கரையில் நின்றே கூப்பிட்டார், அவர் குரல் கேட்பதற்காகச் சாமி காதைச் சாய்த்தது என்றேன். நீ விடவில்லை. "அவர் மெதுவாக் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்குமா?" என்றாய். கேட்டிருக்கும் என்று சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

நார்த்தங்காய் ஊறுகாயும் மாங்காய் வத்தலும் தனியாகப் பார்சல் போட்டிருக்கிறோம். வத்தலை வந்ததும் வெயிலில் வை. உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. காரணம் ஒன்றும் இல்லை, மழைக்கு முன்னால் அடிப்பது வழக்கம்தான். பிசான நெல்லுக்குத் தண்ணீர் திறக்கிற சமயம் ஊர் பார்க்க நன்றாக இருக்கும், லீவு கிடைத்தால் வா. லீவு கிடைக்காவிட்டாலும் வரலாம். தனியாக வந்தாலும் வரலாம். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன், நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை. டிக்கெட் நாங்கள் எடுக்கிறோம், நீ அனுப்பிய பணம் அப்படியே பாங்கில் கிடக்கிறது.

கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய். நடு ராத்திரியானாலும் செய், எனக்கு அது விடிந்த நேரம்தான்.

அம்மா